தள்ளி நின்ற புள்ளி

அந்தப் புள்ளியை எடுத்துவிடப் பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் அறைய வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கைக்கு எட்டியவன் ஒருவன்தான். அவனை அடித்தேன். அவனும் என்னைச் சும்மா விடவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். குடுவை கழுவுகிறவருக்குக் கொஞ்சம் மேலே, பாடம் நடத்துகிறவருக்கு நிறையக் கீழே. முன்கோபி என்று தெருவில் பெயர். நான் அதை மறுத்ததில்லை. மறுக்கப் போனாலும் அது சண்டையில்தான் முடியும்.

எங்கள் ஊர்ச் சாயக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். சிவப்பு நிற்பதும் வெளுப்பதும் தண்ணீரில்தான் இருக்கிறதாம். எந்தத் தண்ணீர், ஏன் என்று கேட்டால் முறைப்பார்கள். எனக்கு அந்த முறைப்புப் பிடிக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்தேன். அதில் கரைந்திருந்த சுண்ணாம்பை அளந்தேன். ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரே அளவு பட்டு நூலை ஒரே சிவப்பில் தோய்த்து, சோப்பு நீரில் அலசி, வெயிலில் போட்டு, எவ்வளவு நிறம் தங்கியது என்று பார்த்தேன். தண்ணீர் கடினமாக ஆக ஆக நிறம் குறைந்துகொண்டே வந்தது. வரைபடத்தில் கோடு அழகாக இறங்கியது. ஒரே ஒரு கிணறு மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. நான் அளந்ததிலேயே கடினமான தண்ணீர் அதுதான். அதில் தோய்த்த நூலோ வெளுக்கவே மாட்டேன் என்றது. மற்ற புள்ளிகள் எல்லாம் கோட்டோடு கீழே இறங்கிப் போக, அந்தப் புள்ளி மட்டும் மேலே தனியாக நின்றது.

அந்தத் தண்ணீர் எனக்குச் சுலபத்தில் கிடைக்கவில்லை. அது ஒரு சாயப்பட்டறையின் பின்கட்டுக் கிணறு. பட்டறைக்காரர் வெளியூர் போயிருந்தார். நான் யாரையும் கேட்காமல் உள்ளே போய், பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். நிறைந்த பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றின்மேல் நான் குனிந்து நின்றது, உள்ளே எதையோ கொட்டுகிற மாதிரி தெரிந்திருக்கிறது. அந்த மாதத்தில் ஏற்கனவே யாரோ அந்தக் கிணற்றில் உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்?

"இன்னாடா கொட்டுற கிணத்துல? யார்ரா உன்ன அனுப்புனது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்புவதற்குள் அடி விழுந்தது. பட்டு நூலைத் தொட்டியில் முக்கித் திருப்புவதற்கு வைத்திருக்கும் மூங்கில் கழி அது. சாயத்திலேயே ஊறி, ஈரத்தோடு கனமாக இருக்கும். முதல் அடி தோளில், இரண்டாவது மண்டையில். நான் பாட்டிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஒருவன் வயிற்றில் முட்டினேன். அவன் தொட்டிக்குள் விழுந்தான். அதன் பிறகு எத்தனை கழி, எத்தனை கால் என்று நான் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்து விழுந்தபோது நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். பாட்டில் உடையவில்லை.

வீட்டுக்குள் நான் நுழைந்ததும் என் மனைவி அலறினாள். தலையிலிருந்து முழங்கால் வரை சிவப்பு. எது சாயம், எது ரத்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே திட்டினாள்.

"ஊர்ல கட்டுரை எழுதுறவங்க எல்லாம் உக்காந்துக்கினு எழுதுறாங்க. நீங்க இன்னாத்துக்கு ரத்தம் ஒழுக வரீங்க?"

 ஆஸ்பத்திரியில் மண்டையில் தையல் போட்டார்கள். ஊரிலிருந்து திரும்பிய பட்டறைக்காரர், அடி வாங்கியவன் கல்லூரி வாத்தியார் என்று தெரிந்து, ஒரு குடம் தண்ணீரை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். எனக்கு அதில் இன்னும் கோபம் வந்தது. யாரோ இறைத்த தண்ணீரை வைத்து நான் என்ன செய்வது? தலைக்கட்டோடு பட்டறைக்குப் போய், நானேதான் இறைப்பேன் என்று கத்தினேன். அன்று யாரும் தடுக்கவில்லை. மறுபடி சோதித்தேன். அதற்கடுத்த மாதமும் இறைத்துச் சோதித்தேன். புள்ளி இருந்த இடத்திலேயே நின்றது.

பிறகு எழுத உட்கார்ந்தேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது என்பது ஆளை மறைத்து எழுதுவது. நான் போனேன், நான் எடுத்தேன் என்று எழுதக்கூடாது. 'கிணறுகளிலிருந்து நீர் சேகரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். 'மிகுந்த சிரமத்துடன்' என்று சேர்த்தேன். அது அழுகை மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். நான் வாங்கிய அடி முழுவதும் 'சேகரிக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

துறைத்தலைவர் படித்துப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

"நல்லா இருக்கு. அந்த ஒரு பாயின்ட்டை எடுத்துடுங்க. கர்வ் கெட்டுப்போகுது. கிணத்துல எவனாவது எதையாவது கொட்டியிருப்பான்."

"கொட்ட வந்தேன்னு சொல்லித்தான் சார் என்னை அடிச்சாங்க."

"எடுத்தீங்கன்னா டிபார்ட்மென்ட் சீல் போட்டு அனுப்பலாம். இல்லேன்னா என்கிட்ட வராதீங்க."

மேஜையில் ஓர் அளவு குடுவை இருந்தது. அதை எடுத்துத் தரையில் அடித்தேன். அவரை அடிக்கக் கூடாது என்ற அறிவு அந்த அளவுக்காவது எனக்கு இருந்தது. கண்ணாடி அறை முழுக்கச் சிதறியது. அவர் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்திரை வேண்டாம், வீட்டு முகவரியிலிருந்தே அனுப்பிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டுரை வந்தால்தான் கல்லூரியில் என்னை மனிதனாகப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் புள்ளியோடு வர வேண்டும். அது இல்லாமல் வந்தால் நான் அடி வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. எனக்கு அதில் ஒரு வெறியே பிடித்துவிட்டது.

டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கார்பன் வைத்து மூன்று பிரதிகள் அடித்தாயிற்று. படத்தை டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து அனுப்ப வேண்டும் என்று, நான் அனுப்பவிருந்த ஆராய்ச்சி இதழில் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மைக்கோடு இழுக்க ஆளுக்கா பஞ்சம்? அடுத்த தெருவில் ஒருவன் புடவைக் கரைகளுக்கு டிசைன் போடுகிறவன். என்னோடு ஆரம்பப் பள்ளியில் படித்தவன். கட்டம் போட்ட தாளில் அவன் அன்னம், மயில், கொடி என்று புள்ளி வைத்து நிரப்புவான். அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை குத்துவார்கள். அட்டை சொன்னபடி தறி நெய்யும். அவன் கை அவ்வளவு சுத்தம். பென்சிலால் போட்டிருந்த என் வரைபடத்தை அவனிடம் கொடுத்தேன்.

ஞாயிறு காலை டைப் அடித்த தாள்களையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி மறுநாள் பதிவுத் தபாலில் போடுவதாகத் திட்டம். படம் அச்சுப் போல இருந்தது. கோடு ஒரே மூச்சில் இழுத்த மாதிரி இறங்கியது. புள்ளிகள் எல்லாம் அதன்மேல் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. எல்லாப் புள்ளிகளும். மேலே ஒன்றும் இல்லை.

"மேல இருந்த புள்ளி எங்க?" என்றேன்.

"அதுவா? பிசகி நின்னுச்சு வாத்தியாரே. நான்தான் எடுத்து எடத்துல வெச்சேன்." பெருமையோடு சொன்னான். "நீ பாக்காம உட்டுட்ட. ஒரு புள்ளி தள்ளிப் போச்சுன்னா புடவை முழுக்க அதே தப்பு வந்துக்கினே இருக்கும். நெசவுக்காரன் என் மூஞ்சில துப்புவான்."

அவன் தொழிலில் அது சரி. தள்ளி நிற்கிற புள்ளி என்றால் அவனுக்குத் தப்புதான். கண்ணில் பட்டால் கை தானாகத் திருத்திவிடும். எனக்கு இப்போது அது புரிகிறது. அன்று எனக்குக் கண் இருட்டியது. அவனுடைய மர ஸ்கேலை எடுத்து அவன் தோளில் அடித்தேன். அவன் ஒரு கணம் நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு என் தாடையில் குத்தினான். நான் மேஜையோடு சரிந்தேன். மைப்புட்டி கவிழ்ந்து டைப் அடித்த தாள்கள்மேல் ஓடியது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வெறி ஏறியது. அவன் கழுத்தைப் பிடித்தேன். அவன் என் வலது முன்கையைக் கடித்தான், விடவே இல்லை. விடுவிக்க நான் அவன் தலையை இழுத்து மேஜை விளிம்பில் மோதினேன். அவன் முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. அப்படியே வாசலுக்கு உருண்டு வந்தோம். எதிர்வீட்டு அம்மா நாய்ச்சண்டையைப் பிரிக்கிற மாதிரி ஒரு வாளித் தண்ணீரை எங்கள்மேல் ஊற்றினார்.

"படிச்ச புள்ளைங்களா இதுங்க? த்தூ!"

வீட்டுக்கு வந்து புதிதாக டிரேசிங் தாளை வைத்து நானே வரைய உட்கார்ந்தேன். கடிபட்ட கை வீங்கியிருந்தது. கோடு இழுத்தால் மண்புழு நெளிந்தது. ஒரு தாள், இன்னொரு தாள் என்று கிழித்துப் போட்டேன். என் மனைவி தரையில் கிடந்த கிழிசல்களைக் கூட்டி அள்ளினாள். மறுநாள் நான் கல்லூரிக்குப் போனபின் அவளே அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தப் புள்ளிக்காகத்தான் அன்று சாயப்பட்டறையில் என் மண்டை உடைந்தது என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து அவன் வந்தான். உதடு வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு டிரேசிங் தாளை மேஜையில் விட்டெறிந்தான். அதில் புள்ளி தன் இடத்தில் நின்றது.

"அசிங்கமா இருக்குது. உன் இஷ்டம்," என்றான். வாசல் வரை போய்த் திரும்பினான். "அடி வாங்குன புள்ளின்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. தாள்களை மறுபடி டைப் அடித்துக் கட்டுரையை அனுப்பினேன்.

மழைக்காலம் முடிந்து பதில் வந்தது. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொன்ன அறிஞர் யாரென்று தெரியாது; அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வேலை நன்று என்று எழுதியிருந்தார். ஒரு புள்ளி மட்டும் பொதுப் போக்கிலிருந்து விலகி நிற்கிறது, சோதனைப் பிழையாக இருக்கலாம், அதை நீக்கிப் படத்தைத் திருத்தி அனுப்பினால் வெளியிடலாம் என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு அடிக்க ஆள் இல்லை. முற்றத்திலிருந்த இரும்பு வாளியை உதைத்தேன். கால் பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். வலியோடு உட்கார்ந்திருந்தபோது கோபம் வடிந்து ஒரு பெரிய அலுப்பு வந்தது. துறைத்தலைவர் சொன்னார், படம் போடுகிறவன் திருத்தினான், இப்போது முகம் தெரியாத பெரியவரும் சொல்கிறார். ஒருவேளை நான்தான் தப்போ? அந்தக் கிணறு ஏன் அப்படிச் செய்கிறது என்று எனக்கே தெரியாது. கட்டுரையிலும் தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தேன். போகட்டும், எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. நொண்டிக்கொண்டே அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் ஒரு கரையை நிரப்பிக்கொண்டிருந்தான். கடிதத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். புள்ளியை எடுத்துவிட்டு வேறு படம் போட்டுக் கொடு என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தான். எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான்.

"எடுக்கணுமா? எவன் சொன்னான்?"

"பெரிய ஆள் யாரோ. பேர் தெரியாது."

"பேர் தெரியாதவன் பேச்ச கேட்டுக்கினு வந்துட்டியா? இந்தப் புள்ளிக்கு என் பல்லு போச்சுடா! உன் மண்ட போச்சு! அவனுக்கு இன்னா போச்சு?"

சுவரில் என் தலை ஒருமுறை இடித்தது. தையல் போட்ட இடம்தான். ஆனாலும் நான் கையை ஓங்கவில்லை. அவன் பிடி தளரவில்லை. பல் போன சந்து வழியாக எச்சில் என் முகத்தில் தெறித்தது.

"எடுக்க முடியாதுன்னு எழுது. இப்பவே எழுது. என் கண்ணு எதிர்ல எழுது."

அவன் மேஜையிலேயே, அவன் பேனாவாலேயே எழுதினேன். ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீர் எடுத்துச் சோதிக்கப்பட்டது, அளவு மாறவில்லை, ஆகவே புள்ளி நீக்கப்படவில்லை. அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். நான் எழுதி முடிப்பதற்குள் அவன் பழைய படத்தையே வைத்து, புதிய தாளில் இன்னொன்று வரைந்துவிட்டான். இரண்டையும் சேர்த்து அனுப்பினோம்.

கட்டுரை அச்சில் வந்தது. இதழ் கைக்கு வந்ததும் நேராக அவனிடம்தான் எடுத்துப் போனேன். படம் இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அப்போதுதான் நானே கவனித்தேன். மற்ற புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. மேலே தனியாக நின்றது மட்டும் கொஞ்சம் பெரிதாக, அழுத்தமான கறுப்பாக இருந்தது. அதன்மேல் அவன் பேனாவை இரண்டாவது தடவையும் வைத்திருக்கிறான்.

"இது மட்டும் ஏன் பெருசா இருக்குது?" என்று கேட்டேன்.

"திரும்ப எவனாச்சும் எடுக்கச் சொன்னா, எடுக்க வராம இருக்கணும்ல," என்றான். வாயைத் திறந்து சிரித்தான். முன்பல் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.