உள்ளேன் டீச்சர்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தெட்டு வயதில் இன்று பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்று கத்திவிட்டேன்.

ஆண்டு விழா வேலைகளைப் பிரிக்கப் பெற்றோர் கூட்டம். டீச்சர் வந்தவர்களின் பெயரை வாசித்தார். கையைத் தூக்கினாலே போதுமாம்.

பெஞ்சின் மறுமுனையில் இருந்த என் சிநேகிதி புஷ்பம், "ஏளா, நாலாங்கிளாஸ்ல விட்டத இப்ப படிச்சி முடிக்கப் போறியாக்கும்" என்றாள்.

நாலாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவள் நான். அங்கே அன்றைக்கும் இன்றைக்கும் நான் 'ஏளா'தான். இனிஷியலோடு முழுப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம்.

"காதுல சரியா விழல டீச்சர், இன்னொரு தரம் வாசிங்க" என்றேன்.

டீச்சர் சிரிக்காமல் வாசித்தார். "மா. செல்வக்கனி."

இந்தத் தடவை துள்ளியே எழுந்தேன். மறுமுனையில் இருந்த புஷ்பம் பெஞ்சோடு சாய்ந்தாள். தரையில் கிடந்தபடியே அவளும், "உள்ளேன் டீச்சர்" என்றாள்.