விருப்பமில்லை முத்திரை

எந்த முத்திரையையும் தாளில் குத்துமுன் தன் இடது புறங்கையில் ஒருமுறை குத்திப் பார்ப்பது பள்ளிக்கூட எழுத்தரம்மாவின் பழக்கம். இருபது வருஷமாக இப்படித்தான். அன்றைக்கு ஆபீசில் என்ன வேலை நடந்தது என்று கையைப் பார்த்தே வீட்டில் தெரிந்துகொள்வார்கள். அவளாக எதுவும் சொல்ல மாட்டாள். வாய் செத்தவள் என்று பெயர்.

அந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று ஒவ்வொரு பள்ளியும் வாசலில் பலகை மாட்ட வேண்டும். பள்ளிகளுக்குப் பொறுப்பு வர வேண்டுமாம். தலைமையாசிரியருக்கு உடனே வந்துவிட்டது. தேறாத பிள்ளையை எழுதவே விடாவிட்டால் நூற்றுக்கு நூறுதானே? அன்றே ‘விருப்பமில்லை’ என்று ஒரு முத்திரை செய்யக் கொடுத்தார்.

கடைசி வகுப்பில் எழுபத்து நாலு பிள்ளைகள். பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்து, தோற்றால் பிள்ளையின் மனசு உடைந்துவிடும் என்று உருக்கமாகப் பேசி, தேர்வுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அறுபத்து மூன்று மனசுகள் காப்பாற்றப்பட்டன. எல்லாப் படிவத்திலும் முத்திரை குத்தியவள் எழுத்தரம்மாதான். குனிந்த தலை நிமிரவில்லை.

அறுபத்து நாலாவது படிவம் அவள் மகளுடையது. கணக்கில் கொஞ்சம் மட்டம். ஆனாலும் எழுதியே தீருவேன் என்று சோறு வேகும்போதுகூட அடுப்படியில் புத்தகத்தோடு நிற்கிறவள்.

“நீங்களே போட்டுட்டா மத்தவங்க வாயத் திறக்க மாட்டாங்கம்மா” என்றார் தலைமையாசிரியர், குரலில் தேன் ஒழுக.

அவள் வழக்கம்போல் புறங்கையில் குத்திப் பார்த்தாள். பளிச்சென்று விழுந்தது. முத்திரையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

“என்னம்மா, படிவத்துல குத்தலையே?”

“அவ எழுதட்டும் சார்.”

இருபது வருஷத்தில் அவரிடம் அவள் மறுத்துச் சொன்னது அது ஒன்றுதான்.

பதினோரு பேர் எழுதினார்கள். பத்துப் பேர் தேறினார்கள். மகள் நாலு மதிப்பெண்ணில் தோற்றாள். ‘குறைவுக்கான காரணம்’ என்று அரசு கேட்டிருந்த கட்டத்தில், ‘அலுவலக ஊழியரின் ஒத்துழைப்பின்மை’ என்று அடிக்கச் சொன்னார் தலைமையாசிரியர். எழுத்தரம்மா ஒரு பிழையில்லாமல் அடித்து, பள்ளி முத்திரையைப் புறங்கையில் பார்த்துவிட்டுக் குத்தி அனுப்பினாள்.

இப்போது வாசல் பலகையில் தொண்ணூற்றொன்று என்று இருக்கிறது. மகள் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இழுப்பறைச் சாவி எழுத்தரம்மாவிடம் இருக்கிறது.