மாசி மகப் படத்தில் இருந்த கடல்

பௌர்ணமிதோறும் மாலையில் ஒரே பாறையில் உட்கார்ந்து டேப்லட்டில் கடலை வரைவேன். மூலையில் தேதி போடாமல் எந்தப் படத்தையும் மூடியதில்லை. நிறங்களை வீட்டில் வைத்துக் கூட்டுவதும் இல்லை. அன்றைய தண்ணீரில் என்ன தெரிகிறதோ அதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலைக்கு வெளியே எனக்கென்று இருந்தது அது ஒன்றே.

பாறைக்குப் பின்னால் ஒரு சிறிய அம்மன் கோயில். மாசி மகத்தன்று அம்மன் கடலுக்கு வருவாள். சனங்கள் வாழைமட்டையில் விளக்கேற்றித் தண்ணீரில் விடுவார்கள். அதற்கான அழைப்புப் படத்தை ஆண்டுதோறும் நான்தான் செய்து கொடுத்தேன்.

போன மகம் முடிந்து மழைக்காலம் வருவதற்குள் கடலை மண் கொட்டித் தூர்க்கத் தொடங்கினார்கள். தீபாவளிக்கு முந்தைய பௌர்ணமியில் என் பாறையைச் சுற்றி மண். தை மாதத்தில் தகர வேலி, உள்ளே மண் லோரிகள். அதற்கப்பால் வெகுதூரத்தில், கம்பி கிழித்ததுபோல் ஒரு சாம்பல் கோடு. இந்த ஆண்டு அழைப்புக்கு அதையே வரைந்து அனுப்பினேன்.

கோயில் தலைவர் உடனே கூப்பிட்டார். "என்ன தம்பி, அம்மனுக்கு லோரியும் மண்ணுமா? ஒரு பயலும் வர மாட்டான் லா."

"அங்க இப்ப அதுதாண்ணே இருக்கு."

"இருக்கறத அவங்க வந்து பாத்துக்கட்டும். நீ படத்துல கடலப் போடு."

நான் மாற்றவில்லை. அவர்களே போன ஆண்டுப் படத்தை எடுத்துத் தேதியை மட்டும் அழித்து எழுதி, எல்லாருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டார்கள். நான் அன்று வரைந்த பச்சை, நான் வரைந்த அலை, என் தேதி மட்டும் இல்லை.

மகத்தன்று காலை வேலியோரம் ஒரே கூட்டம். பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்த ஓர் அக்கா, விளக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் பிடித்திருந்தார். மகன் பிழைத்து வந்ததற்கான நேர்த்திக்கடனாம்.

"கடலுக்கு எந்தப் பக்கம் போகணும் தம்பி?"

"போக முடியாதுக்கா. மண் போட்டு மூடிட்டாங்க."

"படத்துல இருக்கே!" கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வேறொரு படகுத்துறையிலிருந்து பீப்பாயில் கடல்நீர் கொண்டுவந்து, கோயில் வாசலில் ஒரு நீலத் தொட்டியில் ஊற்றியிருந்தார்கள். அம்மனுக்கு அதிலேயே தீர்த்தம். விளக்குகள் தொட்டியின் விளிம்பில் முட்டி, ஒன்றையொன்று இடித்து அணைந்தன.

"இதுல எப்படிப் போகும்? சுத்திச் சுத்தி நம்ம காலுக்கேல்ல வருது," என்றார் அக்கா.

"ஃபெரியிலிருந்து விட்டா என்ன சித்தி?" என்று கூட வந்த பெண் கேட்டாள்.

"ஆமா, அபராதம் போட்டா உங்கப்பனா கட்டுவான்?" என்றார் அக்கா.

சிலர் சிரித்தார்கள். அக்கா விளக்கை ஏற்றவில்லை. வெகுநேரம் வரிசையை விட்டு விலகி நின்றார்.

தலைவர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா, கூட்டம் குறையல. அடுத்த வருசமும் அதே படம்தான்."

அக்கா அதைக் கேட்டுத் திரும்பினார். "நீதான் வரைஞ்சதா?" திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டவில்லை. படத்தில் தண்ணீர் இருந்த இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனார். கோயில் மறைந்தது, அம்மன் மறைந்தாள், கடைசியில் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள் மட்டும் நின்றன. கைப்பேசியைத் தரையில் வைத்து, அதன் எதிரே விளக்கையும் வைத்துவிட்டு, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்.