பொறுக்கி எறிந்த அரிசி

மகளுக்கு ரத்தம் குறைவு என்று பள்ளிக்கு வந்த டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் வீட்டில் என்ன சோற்றுக்குப் பஞ்சமா? அடுத்த பரிசோதனையிலும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வீடு வரும்வரை மகளின் கையை நான் விடவில்லை. “வலிக்குது நைனா” என்று அவள் சொன்ன பிறகுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அப்போது திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எனக்குக் கூப்பிட்டால்தான் வேலை. மனைவி காலையிலேயே கம்பெனி வேனில் தையல் வேலைக்குப் போய்விடுவாள். சமையல் என் தலையில் விழுந்தது. டீ போடுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. நான் முதன்முதலாக வைத்த மீன் குழம்பை ருசி பார்த்துவிட்டு, “இன்னாய்யா இது, கொழம்பா, எண்ணூர் ஆத்துத் தண்ணியா?” என்றாள் மனைவி. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததால் விட்டேன். இல்லாவிட்டால் சட்டி வாசலுக்குப் பறந்திருக்கும்.

பயந்தவன் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான் போலிருக்கிறது. காசிமேட்டில் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போனால் காரப்பொடி மீனும் நெத்திலியும் கூறு கூறாக மலிவாகக் கிடைக்கும். கறி வாங்கக் கட்டுப்படியாகாத வாரங்களில் ஆட்டு ரத்தம் வாங்கி, வெங்காயத்தை அள்ளிப் போட்டுப் பொரியல் செய்தேன். ரயில்வே லைன் ஓரத்து மரத்தில் முருங்கைக்கீரை ஒடித்து வந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். உள்ளே வெளுப்பாகவே இருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கீரை சேர்ப்பேன்.

சோறு மட்டும் ரேஷன் அரிசிதான். அதில் அங்கங்கே வேறு மாதிரி சில மணிகள் கிடக்கும். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் வழவழப்பு, தண்ணீரில் போட்டால் சிலது மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோர் போனிலும் வீடியோ வந்திருந்தது. வீட்டுக்கு வீடு முறத்தைப் போட்டுக்கொண்டு பொறுக்கினார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையை வைத்திருக்கும் நான் சும்மா இருப்பேனா? ஒரு மணி விடாமல் பொறுக்கினேன். வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று மகளுக்கும் சொல்லி வைத்தேன். என்னைவிட அவளுக்குக் கண் கூர்மை. பொறுக்கியதை எதிர் வீட்டுக் கோழிகளுக்குப் போடுவோம்.

பரிசோதனை நெருங்கியபோது மாத்திரை வாங்க சுகாதார நிலையத்துக்குப் போனேன். என்ன கொடுக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டார். கீரை, ரத்தம், மீன் என்று பெருமையாக அடுக்கினேன். “அரிசியக்கூட பிளாஸ்டிக்க பொறுக்கிட்டுதான் ஆக்குறேன் மேடம்” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “ஐயோ, அது பிளாஸ்டிக் இல்லங்க. அரிசி மாவுல இரும்புச்சத்து சேர்த்து, அரிசி மாதிரியே செஞ்சு கலக்குறாங்க. உங்க பொண்ணு மாதிரி ரத்தம் கம்மியா இருக்கிறவங்களுக்காகத்தான்.”

மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ரயில்வே லைன் ஓரமெல்லாம் அலைந்து கீரை தேடியவன், வீட்டுக்கே வந்ததை அள்ளிக் கோழிக்குப் போட்டிருக்கிறேன். நர்ஸ் சொன்னதையும் முழுதாக நம்ப முடியவில்லை. ஒருவேளை வீடியோ சொன்னதுதான் நிஜமாக இருந்தால்?

வீட்டில் மகள் முறத்தோடு உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். இனி வேண்டாம், அது நல்ல அரிசிதான் என்றேன்.

“பிளாஸ்டிக்குனு நீதான நைனா சொன்ன?”

“தெரியாம சொல்லிட்டேன்மா.”

அவள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினேன். மாவாகக் கரைந்தது. அவள் முகம் மாறவில்லை. அன்று பொறுக்காமல் வடித்த சோற்றைத் தட்டில் போட்டதும் தள்ளி வைத்துவிட்டாள். அவளுக்குச் சோற்றைவிட பயத்தைத்தான் நன்றாக ஊட்டியிருக்கிறேன்.

“நீ இன்னிக்கு துன்னு நைனா,” என்றாள். “நாளைக்கு நீ நல்லா கீறியான்னு பாத்துட்டு நான் துன்றேன்.”

அவள் பார்க்க, தட்டை வழித்துச் சாப்பிட்டேன். வீடியோ கிளப்பிய சந்தேகம் எனக்கும் இன்னும் போகவில்லை. அதை அவளுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கண் விழித்தபோது என் வயிற்றின் மேல் ஒரு சின்னக் கை இருந்தது.

“வலிக்குதா நைனா?”

“இல்லம்மா.”

என் கண் இமையைக் கீழே இழுத்து, நான் அவளைப் பார்ப்பது போலவே, உள்ளே நன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.