மாலை போட்ட படம்

மணப்பாறை பஸ்ஸை விட்டு இறங்கி, எழுபது வருஷத்துக்கு முன் ஐந்தாம் வகுப்பு வரை நான் படித்த திருச்சி கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கு முறுக்குப் பையோடு வந்திருக்கிறேன். கூடப் படித்த பிலோமினா இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்க வேண்டும். முறுக்கு அவளுக்குத்தான்.

ஆண்டு விழாவுக்காகப் பள்ளியின் வரலாற்றைக் கூடத்தில் படம் படமாக மாட்டியிருக்கிறார்கள். எங்கள் வகுப்புப் படத்துக்குச் சம்பங்கி மாலை. முன்னால் மெழுகுவத்தி எரிகிறது. படத்தில் பிலோமினாவும் நானும் கைகோத்து உட்கார்ந்திருக்கிறோம்.

பக்கத்தில் நிற்கும் சின்ன வயது சிஸ்டரிடம் மெதுவாகக் கேட்கிறேன். "இதுக்கு ஏன் சிஸ்டர் மாலை?"

"இதுதாம்மா ரொம்பப் பழைய படம். இதுல இருக்கறவங்க யாரும் இப்ப இல்ல. காலைப் பூசையில கூட அவங்க ஆத்துமாவுக்கு வேண்டிக்கிட்டோம்."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், படத்தில் ரெட்டைப் பின்னல்காரியைத் தொட்டுக் காட்டுகிறேன். "இது நான்."

"ஐயோ மாதாவே!" சிஸ்டர் மாலையைக் கழற்ற எட்டுகிறார். அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"நான் செத்துட்டேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நாங்களா நெனச்சுக்கிட்டோம்."

"அப்ப பக்கத்துல இருக்கற பிலோமினாவும் இருக்கலாம்ல, சிஸ்டர்?"