பலகைச் சுவரில் மூன்று தட்டு

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைதான் சுவர். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே காது கூசும். எல்லாருக்கும் அது தொல்லை. எனக்கோ பதினோரு வருஷம் அந்தச் சுவர்தான் சோறு போட்டது.

காலை ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா சுவரில் ஒரு தட்டு தட்டுவாள். எழுந்திரு என்று அர்த்தம். ஆறு மணிக்கு இரண்டு தட்டு, உடுத்திக்கொள். ஆறரைக்கு மூன்று தட்டு, வெளியே வா. ஒவ்வொன்றுக்கும் நான் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அவளே வந்து கதவைத் திறந்து, என் கையைப் பிடித்துத் தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் இழுத்துப் போவாள். அவளுக்கும் எனக்கும் அங்கேதான் வேலை.

தூக்கம் என் பிரச்சினை இல்லை. நான்கு மணிக்கே விழித்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் கோளாறு. எழுந்திரு என்று எனக்கு நானே சொல்வேன், உடம்பு கேட்காது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறையைக் கையில் எடுப்பேன். அதன் தையல் சுண்டு விரலில் உரசக்கூடாது. உரசினால் அன்றைக்கு முழுக்க அது ஒன்றைத் தவிர வேறு எதுவும் என் தலையில் ஓடாது. கழற்றுவேன், மறுபடி போடுவேன். நடுவில் கொடியில் தொங்கும் கிளிப்புகள் நிறம் கலந்து கிடப்பது கண்ணில் படும். சிவப்பையெல்லாம் ஒரு பக்கம், நீலத்தையெல்லாம் ஒரு பக்கம் என்று மாற்றி முடிப்பதற்குள் மணி ஏழாகியிருக்கும். ஒரு காலில் காலுறை, இன்னொரு கால் வெறுங்கால்.

நாற்பது வயது வரைக்கும் இதற்குச் சோம்பேறித்தனம் என்றுதான் பெயர். பள்ளியில் வாத்தியார்கள் வைத்தார்கள், லயத்துக்காரர்கள் பெருக்கினார்கள். கேமரன் மலைக் குளிரில் ஸ்வெட்டர் போடாமல் நான் நடுங்கிக்கொண்டு போனால் "திமிரு" என்றார்கள். கழுத்தில் அந்தக் கம்பளி படும்போது எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் என்று சொன்னேன். யார் நம்புவார்கள்?

ஆனால் தொழிற்சாலைக்குள் போய்விட்டால் நான் வேறு ஆள். பிழிந்த இலை பரப்பில் கிடந்து சிவக்கிற இடத்தில் எனக்கு வேலை. பச்சை வாசனை போய்ப் பழவாசனை வருகிற நிமிடத்தில் இலையை அள்ளி, உலர்த்துகிற இயந்திரத்துக்கு, அதாவது டிரையருக்கு, அனுப்ப வேண்டும். பிந்தினால் தூள் புளிக்கும். நான் பிந்தியதே இல்லை. வீட்டிலிருந்து கிளம்ப முடியாதவள் இலையை மட்டும் எப்படி நேரத்துக்கு அனுப்புகிறாள் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒருநாள் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

எங்கள் வீடு தோட்டத்து வீடு. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலையில் இருந்தால்தான் அதில் குடியிருக்கலாம். பக்கவாதத்தில் படுத்துப் பேச்சும் போன அப்பாவுக்கு அந்தக் கூரை என் பெயரில்தான் இருந்தது. பிந்தி வந்ததற்காக எனக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வேலையும் வீடும் போகும். அக்காவுக்கும் அதே கதைதான். கணவர் இறந்த பிறகு அவள் டிரையரில் நிற்பதால்தான் அவளுக்கும் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷமான படிவம் ஐந்து படிக்கும் மகளுக்கும் வீடு. எனக்கு மூன்றாவது கடிதம் வரக்கூடாது என்பதில் என்னைவிட அவள்தான் கவனமாக இருந்தாள்.

அந்த வாரம் அவளுக்கு விடியற்காலை முறை. நான்கரைக்கே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டாள். மற்ற இரண்டையும் தட்ட ஆளில்லை. தொழிற்சாலையிலிருந்து போன் அடித்திருக்கிறாள். அதன் அதிர்வில் எனக்குப் பல் கூசும் என்பதால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். ஏழு மணிக்கும் நான் வராததைப் பார்த்துவிட்டு, பக்கத்து இயந்திரத்து ஆளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஓடி வந்துவிட்டாள். இரைச்சலில் அந்த ஆளுக்கு விளங்கவில்லை.

கதவைத் திறந்தவள் மூச்சு வாங்க நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், ஒரு காலில் காலுறையோடு.

"முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கியா? இதுக்காடி நான் டிரையர விட்டுட்டு ஓடியாந்தேன்?" என்றாள். பிறகு மண்டியிட்டு, தையல் விரலில் படாமல் இன்னொரு காலுறையை மாட்டிவிட்டாள்.

நாங்கள் திரும்பிப் போனபோது டிரையரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே தூள் கருகித் தீப்பொறி கிளம்பியிருந்தது. தண்ணீர் அடித்து அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் ஓடுகிற டிரையரை விட்டு நகரக்கூடாது என்பது அங்கே முதல் சட்டம்.

மேலே சொல்வதற்கு முன் எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடித்துக்கொள்வோம், வேலிக்காகப் பேசாமல் இருப்போம், ஒருத்தர் குடும்பத்தை இன்னொருத்தர் நாறடிப்போம். ஆனால் ஆபீசிலிருந்து துரை கேட்டால் பதில் ஒன்றுதான். "தெரியலைங்க." பாட்டன் காலத்து வெள்ளைக்காரத் துரைக்கும் அதுதான், இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மேனேஜருக்கும் அதுதான். யாரும் யாருக்கும் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை. தாய்ப்பாலோடு வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை.

அன்று மதியம் ஆபீஸ் வாசலில் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் எல்லாரும் தெரியலைங்க என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "என்ன நடந்துச்சுன்னு கேப்பாரு. தெரியலன்னு சொல்லு லா, போதும்" என்றார். நான் தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படிச் சொல்லத்தான் உள்ளே போனேன். மனதுக்குள் பத்துத் தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

துரை என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "ஏழு பத்துக்கு அவங்க டிரையர்கிட்ட இருந்தாங்களா?" என்று கேட்டார்.

அது வேறு கேள்வி. அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

"இல்லைங்க. எங்க வீட்டுல இருந்தாங்க."

அதோடு நிறுத்தினேனா? இல்லை. பிறருக்கு உதவ ஓடியவளை யார் தண்டிப்பார்கள் என்று நினைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் செருப்பில்லாமல் ஓடி வந்ததை, மண்டியிட்டுக் காலுறை மாட்டியதை, எத்தனை நிமிடம் ஆனது என்பதை. சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கிராணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கதை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெட்டிருந்தால் தேவலை. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். எனக்கு மூன்றாவது கடிதம் வரவில்லை. உண்மை சொன்ன ஆள் என்று துரை என்னைப் பாராட்டினார். என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவளை விற்றுவிட்டேன் என்று லயம் முழுக்கப் பேசியது. மாரியம்மன் கோயில் வாசலில் நான் போய் நின்றால் பெண்கள் நகர்ந்து நின்றார்கள். அவர்கள் சொன்னது தவறு. ஆனால் விற்றிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதுதான் நடந்திருந்தது, பிறகு நான் யாரிடம் போய் வாதாடுவது?

அந்த ஒரு மாதமும் அக்கா என்னோடு பேசவில்லை. குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் ஐந்தரைக்கு ஒரு தட்டு. ஆறு மணிக்கு இரண்டு. ஆறரைக்கு மூன்று. வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாதவள் எனக்காக எழுந்து தட்டிக்கொண்டிருந்தாள். நானும் வெட்கமில்லாமல் பதில் தட்டிவிட்டு வேலைக்குப் போனேன். கடைசி நாள் காலையிலும் மூன்று தட்டும் கேட்டது. மாலையில் நான் வந்தபோது லோரி போய்விட்டிருந்தது.

அதன் பிறகு நான் நின்றுபோனேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் என்னைப் பார்த்தவர் விடுப்பு எழுதி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடிதம் கொடுத்தார். அங்கே ஒரு பெண் டாக்டர், ஏறக்குறைய என் வயதுதான், மூன்று தடவை வரச்சொல்லிக் கேள்வி கேட்டார். சின்ன வயதில் எப்படி விளையாடினேன், எந்தத் துணி பிடிக்காது, ஒரு வேலையைத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகும். கடைசியில் ஆட்டிசம் என்றார், கூடவே ஏடிஎச்டி என்றார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். எனக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருத்திக்கு எல்லாம் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். இன்னொருத்தி வைத்த இடத்தையே மறந்துவிடுவாள். இரண்டு பேரும் நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அடி எனக்கு விழுகிறது.

சோம்பேறி இல்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டதும் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

டாக்டர் கடிதத்தைப் பார்த்து ஆபீசில் சில சலுகைகள் கொடுத்தார்கள். பழைய இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களையும் தள்ளுபடி செய்தார்கள். காதடைப்பான் கொடுத்தார்கள். எதையும் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு, சட்டத்தை மீறாத ஆள் என்று சொல்லி, டிரையர் பகுதிக்கு என்னையே பொறுப்பாக வைத்தார்கள். அவள் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். நன்றாகத்தான் செய்கிறேன். ஒரு தட்டுத் தூள்கூடக் கருகவில்லை. இந்த நோயோடு எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று ஊரில் ஒரு கூட்டத்தில் பேசக்கூடக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

காலைகள் மட்டும் திருந்தவில்லை. பக்கத்து வீட்டில் இப்போது நேப்பாளத் தொழிலாளர்கள் நால்வர். சத்தமே போடாத மனிதர்கள். போனில் ஏழு அலாரம் வைத்திருக்கிறேன். அலாரம் கையைப் பிடித்து இழுக்காது. போன மாதம் மறுபடி ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அவள் போய் எட்டு மாதம் கழித்துத் அதே மலையில் திரிங்காப்பு என்ற ஊரில் இருப்பதாகத் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கொண்டுபோக எனக்குத் தோன்றியது தேயிலைத் தூள் ஒன்றுதான். அது தப்பு என்று எனக்கே பட்டதால் வெறுங்கையோடு போனேன். பூத்தோட்டத்துக் கொட்டகையில், லோரிக்காகச் செவ்வந்திப் பூக்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகளும் சுற்றிக்கொண்டிருந்தாள். படிவம் ஐந்தை அவள் முடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"துரை கேட்டாரு, நீ சொல்லிட்ட" என்றாள் அக்கா. கையை நிறுத்தவில்லை. "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு என்ன லா?"

"எனக்குத் தெரியுமேக்கா."

"அவங்க எல்லாருக்குந்தான் தெரியும்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பையும் வரிசை மாறாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இரண்டு கட்டுப் பூவைச் சுற்றி முடித்தாள்.

"பேரு வச்சிட்டாங்களா? நல்லதுதான். பேரு இல்லாமலே எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், "காலைல யாரு எழுப்புறா?" என்று கேட்டாள்.

ஈப்போவில் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதில் சொல்வதற்கு முன்னால், கேட்பவருக்கு எது நிம்மதி தரும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். யோசித்தேன். என் பாரத்தையும் இவள் ஏன் சுமக்க வேண்டும் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதன்முதலாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு பொய் சொன்னேன்.

"நானே எந்திரிச்சிர்றேன்கா. யாரும் தேவையில்ல. ஒரு பிரச்சனயும் இல்ல."

அவள் கை நின்றது. என்னை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது நிம்மதி என்று நினைத்தேன். முகங்களை நான் எப்போதும் தப்பாகத்தான் படிப்பேன்.

"அப்ப சரி" என்றாள். "நான் தட்டாமயே நடக்குதுன்னா சரிதான்." அடுத்த கட்டைக் கையில் எடுத்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். நான் கிளம்பினேன், சரியாகப் பேசிவிட்டோம் என்ற திருப்தியோடு.

திரும்பும் வழியில், பிரிஞ்சாங்கில் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. அவளுடைய வேலையும் வீடும் மகளின் படிப்பும் போனது என்னை எழுப்ப ஓடி வந்ததால். அவள் முகத்துக்கு நேரே நான் சொல்லிவிட்டு வந்தது, நீ ஓடி வந்திருக்கவே வேண்டியதில்லை என்று.

போன் செய்தேன். எடுக்கவில்லை. அன்று இரண்டு தடவை, மறுநாள் நான்கு தடவை. பிறகு அந்த எண்ணே போகவில்லை. இல்லக்கா, பொய் சொன்னேன், என்னால் எழ முடியவில்லை, நீ தட்ட வேண்டும் என்று சொல்வதற்குத்தான் செய்தேன்.

இன்று காலையும் ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அணைத்துவிட்டேன். ஆறு மணிக்கும் ஆறரைக்கும் அடித்தது. ஒரு காலில் காலுறையோடு பலகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மணி ஏழு பத்து ஆகியிருந்தது.