சூசையண்ணையும் மூச்சு முட்டிய பிக்கப்பும்

சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது, முள்ளுக்கம்பிக்கு அப்பாலிருந்து யாரோ கத்திச் சொன்னார்கள்: சூசையண்ணை போய்விட்டாராம். காய்ச்சலாம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவர் இருந்த பகுதி. போக அனுமதி இல்லை. நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் இடம் போய்விடும். என் துக்கத்தின் இலட்சணம் அது.

முல்லைத்தீவுக் கரையில் அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? படகு இஞ்சின் திருத்துகிறவர். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று பழுதாகும். அதற்கும் அவரிடமே போவோம். "இவர் இஞ்சினைவிட வாயைத்தான் நல்லா ஓட்டுவார்" என்று அவர் மனைவி மேரியக்காவே சொல்லுவா.

சமாதான காலத்தில் கனடா மச்சான் அனுப்பிய பிக்கப்பில் ஸ்ரியறிங்கில் வயிறு இடிக்க ஏறியிருந்து ஊரெல்லாம் பெருமை அடித்தவன் நான். திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டி, பெற்றோல் மருந்துபோல் ஆனபின், மண்ணெண்ணெய் கலந்து குடித்த அந்த வண்டியில் ஒரு விளக்கு எரியத் தொடங்கியது. எண்ணெய்த் தாங்கியின் உள்ளமுக்கத்தைப் பார்க்கும் சென்சர் பழுதாம். அப்படியே ஓடியிருக்கலாம். சூசையண்ணை விடுவாரா? தாங்கியை இறக்கினார். சென்சரில் வெடிப்பு விழுந்திருந்தது. உடைந்து கிடந்த வாகனமொன்றில் வேறொன்றைக் கழற்றிவந்து மாற்றி, படகு ஓட்டைக்குப் பூசும் பசையைச் சுற்றிவரப் பூசி, எறும்பும் நுழையாமல் இறுக்கினார்.

"அண்ணை, லைற் இன்னும் எரியுது."

"எரியட்டும் தம்பி. விளக்கில்லாமல் கடலுக்குப் போறதே?"

அந்தக் கிழமையே, வயிற்றில் பிள்ளையோடு இருந்த என் தங்கச்சிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. நிற்கவில்லை. பிக்கப்பின் பின்னால் பாய் விரித்து, அம்மாவின் மடியில் அவளைக் கிடத்தி, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். வண்டி நின்றால் என்ன செய்வது என்று சூசையண்ணையையும் ஏற்றினேன். விசுவமடு தாண்டியதும் நின்றது. கொஞ்சம் பொறுத்து ஓடியது, திரும்ப நின்றது. நான் ஸ்ரியறிங்கில் தலையை மோதி அழுதேன்.

அவர் இறங்கி எண்ணெய் மூடியைத் திருகினார். தாங்கி 'உஸ்' என்று காற்றை உறிஞ்சியது. அவர் முகம் செத்துப்போனது.

"படகுத் தாங்கியின்ரை மூடியிலை காத்து ஆணி இருக்கும். ஓடேக்கை திறக்கோணும். தரையிலை மறந்துபோனன் தம்பி."

தாங்கிக்குள் காற்றுப் போகும் குழாயைச் செம்மண் எப்போதோ அடைத்திருக்கிறது. தாங்கி மூச்சு விட்டது சென்சரின் அந்த வெடிப்பால்தான். அதைத்தான் அவர் அடைத்திருந்தார். மூடியைத் திறந்துவிட்டு ஓடினால் குழிக்குக் குழி எண்ணெய் சிந்தும். கிளிநொச்சி போய்ச் சேரக் காணாது. அதனால் அவர் பின்பெட்டியின் ஓரத்தில் குப்புறக் கிடந்து, கையை வெளியே தொங்கவிட்டு, மூடியைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக வந்தார். கை முழுக்க மண்ணெண்ணெய்.

"சூசையண்ணை, நான் செத்துப்போவனே?" என்று தங்கச்சி கேட்டது எனக்கும் கேட்டது.

"பிள்ளை, நான் திருத்தின படகுகள் நடுக்கடலிலை நிண்டிருக்கு. ஒண்டும் மூழ்கினதில்லை."

பரந்தன் சந்தியில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா மட்டும் வற்றாப்பளைக் கோயில் அம்மாளைக் கூப்பிட்டபடி வந்தா. அவரும் கூடச் சேர்ந்து கூப்பிட்டார், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் கேட்டார்கள். என்னுடையது பொருந்தவில்லை, இவ்வளவு உடம்பு இருந்தும் பிரயோசனம் இல்லை. அவருடையது பொருந்தியது. தாதி மூக்கைச் சுளித்தா.

"ஐயா, உங்கடை உடம்பிலை ஓடுறது இரத்தமோ, மண்ணெண்ணெயோ?"

"எடுத்துப் பாருங்கோ பிள்ளை. நெருப்புப் பத்தினால் என்னைக் குறை சொல்லாதேங்கோ."

பிள்ளை தங்கவில்லை. தங்கச்சி தப்பினாள்.

பிக்கப் எந்தக் கரையோரம் எரிந்து கிடக்கிறதோ தெரியாது. சூசையண்ணை விட்டுப்போனதில் எனக்கு மிச்சம் அவள்தான். செய்தியைச் சொன்னதிலிருந்து, அவரின் முகத்தை ஒருக்கால் பார்க்க விடச் சொல்லிக் கம்பி வாசலில் நிற்கிறாள். இரண்டு தரம் போய்க் கூப்பிட்டேன். வரமாட்டாளாம்.